பூட்டிய மருந்தும் பொய்ச் சாவியும் – ‘எலீசியம்’ திரைப்படம் குறித்து

வருங்காலத்தைச் சித்திரிக்கும் திரைப்படங்கள் பெரும்பாலும் நிகழ்காலத்தைப் பற்றியே பேசுகின்றன. ஒரு சமூகத்தை எவ்வச்சம் ஆட்டிப்படைக்கின்றதோ, அவ்வச்சமே நூறு அல்லது இருநூறு ஆண்டுகளுக்கு அப்பால் நகர்த்தப்பட்டுத் திரையில் உருப்பெறுகின்றது. 2013 ஆகஸ்டில் வெளியான ‘எலீசியம்’ என்னும் ஹொலிவூட் திரைப்படம் இவ்வுண்மையை மறைக்க முயலவில்லை. கதை 2154 இல் நிகழ்வதாக அமைந்திருப்பினும், தாம் காட்டுவது இன்றைய உலகையே என்று அதன் நெறியாளர் நீல் புளொம்காம்ப் வெளிப்படையாகக் கூறினார். எனவே அப்படத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இடமில்லை. இன்றைய உலகு பற்றிய ஒரு கூற்றாகவே அதனை எடைபோடுதல் வேண்டும். அவ்வாறு எடைபோடுமிடத்து, நியாயமானதொரு கோபத்தை எழுப்பி, அக்கோபத்தைப் பயனற்ற வழியிற் செலவிட்டு முடிக்கும் படம் அது என்ற முடிவுக்கே வரவேண்டியுள்ளது.

எலீசியம் என்பது பண்டைய கிரேக்கரின் புராணங்களில், பேறுபெற்றோர் இறந்தபின் சென்றடையும் இன்பவுலகின் பெயராகும். படத்திலே அப்பெயர், பூமிக்கு மேலே சுழலும் சக்கர வடிவான விண்குடியிருப்பு ஒன்றுக்குச் சூட்டப்பட்டுள்ளது. செல்வர் அனைவரும் அங்கே குடியேறிவிட்டனர். புல்வெளியும் மாளிகையும் நீச்சற் குளமும் அங்குண்டு. யாவற்றுக்கும் மேலாக, எந்நோயையும் சில கணங்களிற் குணப்படுத்தும் மருத்துவப் பேழை வீடுதோறும் உண்டு. கீழே, பாழடைந்த லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே ஏனையோர் வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவனான மக்ஸ் என்னும் தொழிலாளி (நடிகர் மற் டேமன்) ஆமடைன் நிறுவனத்தின் தொழிற்சாலையிற் கதிர்வீச்சுக்கு உள்ளாகின்றான். ஐந்து நாள் ஆயுளே எஞ்சிய நிலையில், எவ்வாறேனும் மேலே சென்று மருத்துவப் பேழையொன்றை அடைய அவன் முயல்வதே கதை.

இக்கருவின் வலிமையை எவரும் மறுத்தல் இயலாது. பூமிக் காட்சிகள் மெக்சிக்கோ நகரத்தின் வறிய இஸ்தபலாபா பகுதியிலுள்ள குப்பைமேடொன்றிற் படமாக்கப்பட்டன. எலீசியக் காட்சிகளுக்குக் கனடாவின் வன்கூவரோடு அதே மெக்சிக்கோ நகரத்தின் செல்வப் புறநகரொன்றும் பயன்பட்டது. மேலுலகையும் கீழுலகையும் காட்டுவதற்குப் படப்பிடிப்பாளர் விண்வெளிக்குச் செல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரே நகரத்தின் இரு பகுதிகள் போதுமானவையாயின. நெறியாளர் கூறியது பொய்யன்று என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

படத்தின் முதல் அரைமணி நேரம் அக்கருவுக்கு உண்மையாகவே நடந்துகொள்கின்றது. மக்ஸ் வேலை செய்யும் தொழிற்சாலையில் உற்பத்தியாகுபவை காவல் இயந்திரங்கள். அன்று காலையில், பேருந்துக்குக் காத்துநின்ற அவனது கையை முறித்ததும் அத்தகைய காவல் இயந்திரமே. தன்னை ஒடுக்கும் கருவியைத் தன் கையாலேயே செய்து, அதற்குக் கூலியும் பெற்று, அக்கூலியையும் இழந்துவிடுவோமோ என்று அஞ்சி வாழும் மனிதனின் நிலையை, ஒரு வசனமும் இன்றி இக்காட்சித்தொடர் உணர்த்திவிடுகின்றது. கதிர்வீச்சு அறையின் கதவு சிக்கிக்கொள்கின்றது. உள்ளே சென்று சரிசெய்யாவிடில் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளன் மிரட்டுகின்றான். மக்ஸ் உள்ளே செல்கின்றான், கதவு மூடிக்கொள்கின்றது. செய்தி அறிந்த முதலாளி கார்லைலுக்கு ஏற்படும் கவலை, படுக்கை விரிப்பை மாற்ற வேண்டிவருமே என்பதுதான். இக்காட்சிகளைக் கண்டவர், இப்படம் எங்கோ ஓரிடத்துக்குத் தம்மை அழைத்துச் செல்லப் போகின்றது என்று நம்புவது இயல்பே. அந்நம்பிக்கையே பின்னர் ஏமாற்றத்தின் அளவுகோலாகின்றது.

குறைகளுள் முதலாவது, படத்தின் தொடக்க வாசகத்திலேயே இருக்கின்றது. பூமி நோயுற்றது, மாசடைந்தது, மக்கட்டொகை மிகுந்தது. ஆகவே செல்வர் வெளியேறினர் என்று அது கூறுகின்றது. மாசுபடுத்தியவர் யார் என்ற வினா அங்கே எழவில்லை. வறுமைக்குக் காரணம் வறியோரின் எண்ணிக்கையே என்னும் இவ்விளக்கம் புதியதன்று. 1798 இல் மல்தஸ் எழுதிய மக்கட்டொகைக் கட்டுரையிலிருந்தே அது மேலைநாட்டுச் சிந்தனையில் உலாவி வருகின்றது. செல்வரைக் கண்டிப்பதாகக் கூறும் ஒரு படம், செல்வருக்கு மிகவும் உவப்பான விளக்கத்தை முதல் வரியிலேயே ஏற்றுக்கொள்கின்றது. ஆமடைன் தொழிற்சாலையின் புகையும் கதிர்வீச்சும் கண்முன்னே கிடக்க, பழி மட்டும் கூட்டத்தின் மீது விழுகின்றது.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. மருத்துவப் பேழைகள் பூமியிலுள்ளோருக்கு ஏன் மறுக்கப்படுகின்றன? படம் முழுவதையும் தாங்கிநிற்க வேண்டிய வினா இது. இதற்குப் படத்தில் விடையே இல்லை. பேழை இயங்குவதற்கு அரிய மூலப்பொருள் ஏதும் தேவைப்படுவதாகக் காட்டப்படவில்லை. மருத்துவர் தேவையில்லை, தாதியர் தேவையில்லை, படுத்தால் நோய் தீர்கின்றது. இறுதிக் காட்சியில், கணினி ஆணை மாறிய மறுகணமே பேழைகள் நிறைந்த கலங்கள் பூமியை நோக்கிப் புறப்படுகின்றன. அவ்வாறாயின் அக்கலங்கள் அதுவரை ஆயத்தமாகவே இருந்தன என்பது பெறப்படும். ஆயத்தமாக இருந்தவற்றை அனுப்பாமல் வைத்திருந்ததால் எலீசியத்தார் அடைந்த இலாபம் யாது? நோயுற்ற தொழிலாளரைவிட நலமுள்ள தொழிலாளரே முதலாளிக்குப் பயன்படுவர் அல்லவா? படம் இதனைச் சிந்திக்கவில்லை. செல்வர் கொடியவர், ஆதலால் மறுத்தனர் என்ற அளவில் அது நின்றுவிடுகின்றது.

மருந்து மறுக்கப்படுவதன் உண்மையான பொறிமுறையை அறிய 2154 வரை செல்ல வேண்டியதில்லை. புளொம்காம்ப் 1979 இல் ஜொகன்னஸ்பேர்க்கிற் பிறந்தவர். அவர் பிறந்த தென்னாபிரிக்காவின் அண்மைக்கால வரலாறே அதனைத் தெளிவாகக் காட்டும். எயிட்ஸ் நோயைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் 1996 முதல் செல்வ நாடுகளிற் பயன்பாட்டுக்கு வந்தன. ஒரு நோயாளிக்கு ஆண்டொன்றுக்கு 10,000 டொலருக்கு மேற் செலவாயிற்று. மலிவான மருந்துகளைப் பெறுவதற்கு வழிசெய்யும் சட்டத் திருத்தமொன்றைத் தென்னாபிரிக்கா 1997 இல் நிறைவேற்றியது. 1998 இல் அந்நாட்டு மருந்து உற்பத்தியாளர் சங்கமும் ஏறத்தாழ 40 மருந்து நிறுவனங்களும் அச்சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் இத்தகைய கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தது. விலைக்கும் உற்பத்திச் செலவுக்கும் இடையே கிடந்த பள்ளத்தை உலகம் அப்போது கண்டது. அப்பள்ளத்தின் பெயர் காப்புரிமை. அதனை வெட்டியோர் வாளேந்திய அரக்கர் அல்லர், கணக்காளரும் சட்டத்தரணிகளுமே.

அப்பூட்டு எவ்வாறு திறக்கப்பட்டது என்பதும் கவனத்திற்குரியது. 1998 டிசம்பரிலே தொடங்கப்பட்ட ‘சிகிச்சைக்கான செயலியக்கம்’ நோயாளரையும் தாதியரையும் தொழிற்சங்கங்களையும் ஒன்றுசேர்த்தது. ஊர்வலங்கள் நடந்தன, நீதிமன்றத்தில் வாதங்கள் நிகழ்ந்தன, பிற நாடுகளிலும் ஆதரவு திரண்டது. 2001 ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கை மீளப்பெற்றன. எனினும் போராட்டம் அத்துடன் முடியவில்லை. தாயிடமிருந்து சேய்க்கு நோய் தொற்றாது தடுக்கும் மருந்தை அரச மருத்துவமனைகளில் வழங்குவதற்காக, அவ்வியக்கம் தன் நாட்டு அரசையே எதிர்த்து வழக்காட நேர்ந்தது. 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் இயக்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பூட்டு ஒன்றன்று, பல, சாவிகளும் பல, அவற்றை ஏந்தியோர் ஆயிரக்கணக்கானோர். இவ்வரலாற்றை அருகில் வைத்துக்கொண்டு ‘எலீசியம்’ படத்தைப் பார்ப்பவருக்கு, அதன் மருத்துவப் பேழை ஒரு சிறுபிள்ளைக் கதையாகவே தோன்றும்.

மூன்றாவது குறை, தீமையைத் தனிமனிதருக்குள் அடைத்துவிடுவது. எலீசியத்தின் பாதுகாப்புச் செயலாளர் டெலக்கூர் (நடிகை ஜோடி பொஸ்ரர்) ஆட்சியைக் கைப்பற்றச் சதி செய்கின்றார். அவருடைய கையாளான குரூகர், அனுமதியின்றி வந்த கலங்களைப் பூமியிலிருந்தே எறிகணை ஏவிச் சிதறடிக்கின்றான். இறுதியில் வெறிபிடித்து டெலக்கூரையே கொன்றுவிடுகின்றான். எலீசியத்தின் தலைவர் பட்டேலோ அத்தகைய கொலைகளைக் கண்டிக்கும் மிதவாதியாக வருகின்றார். இவற்றின் திரண்ட பொருள் யாது? ஆட்சிமுறை பொதுவாக நல்லது, சதிகாரர் சிலரே அதனைக் கெடுத்தனர் என்பதேயாகும். ஆள்வோரின் வீழ்ச்சிகூட ஆளப்படுவோரால் நிகழவில்லை; அவர்களது கையாளாலேயே நிகழ்கின்றது.

இதே நெறியாளர் 2009 இல் எடுத்த ‘டிஸ்ரிக்ற் 9’ இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. ஜொகன்னஸ்பேர்க்கில் வந்திறங்கிய வேற்றுக்கிரகவாசிகள் சேரியொன்றில் அடைத்துவைக்கப்படும் கதை அது. 1966 இல் வெள்ளையர் பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 60,000 க்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்ட கேப் நகரத்தின் ஆறாம் வட்டாரத்தை அதன் பெயரே நினைவூட்டுகின்றது. அப்படத்தின் மையப் பாத்திரமான விக்குஸ் ஓர் அலுவலர். கையிற் படிவங்களுடன் குடிசை குடிசையாகச் சென்று, வெளியேற்றப் பத்திரத்திற் கையொப்பம் வாங்குவதே அவனது தொழில். அவன் கொடியவனாகத் தன்னைக் கருதுவதில்லை; சிரித்துக்கொண்டே செய்கின்றான். ஒடுக்குமுறை எவ்வாறு ஒரு நாளாந்த அலுவலாகின்றது என்பதை அப்படம் அறிந்திருந்தது. அதற்கு ஏறத்தாழ 30 மில்லியன் டொலர் செலவாயிற்று. ‘எலீசியம்’ 115 மில்லியன் டொலரில் உருவாயிற்று. பணம் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. படிவம் ஏந்திய அலுவலன் மறைந்து, வாளேந்திய வெறியன் தோன்றினான். பெருமுதலீடு கலைக்கு யாது செய்யும் என்பதற்கு இம்மாற்றம் ஒரு பாடமாகும்.

நான்காவதாக, மக்கள் எங்கே என்ற வினாவை எழுப்ப வேண்டியுள்ளது. தொழிற்சாலையில் மக்ஸுடன் நின்ற நூற்றுக்கணக்கானோர் அதன்பின் கதைக்குத் தேவைப்படவில்லை. ஒருவன் இறக்கப் போகின்றான் என்பதை அறிந்தும் அவர்கள் என்ன நினைத்தனர், என்ன பேசினர் என்பது காட்டப்படவில்லை. மக்ஸின் இளமைக்காலத் தோழி பிரே ஒரு மருத்துவத் தாதி. நெருக்கடி மிகுந்த பூமியின் மருத்துவமனையில், மருந்தும் கருவியும் இன்றி நாள்தோறும் உயிர்காக்கப் போராடுபவர் அவர். மருத்துவம் பற்றிய ஒரு படத்தில் உண்மையான நாயகியாக வேண்டியவர் அவரே. ஆனால் நோயுற்ற மகளுடன் கடத்திச் செல்லப்பட்டு, மீட்கப்படுவதற்காகக் காத்திருப்பதே அவருக்கு விதிக்கப்பட்ட பங்கு. மக்ஸோ உடலில் இரும்புச் சட்டகம் பூட்டப்பட்டுக் குரூகரோடு மோதுகின்றான். இரு வர்க்கங்களுக்கு இடையிலான முரண்பாடாகத் தொடங்கிய கதை, இரு ஆண்களுக்கு இடையிலான கைகலப்பாகச் சுருங்கிப்போகின்றது.

இறுதியில் வரும் தீர்வு இச்சுருக்கத்தின் முடிபு. கார்லைலின் மூளையிலிருந்து மக்ஸின் மூளைக்கு மாற்றப்பட்ட கணினி நிரலொன்று எலீசியத்தின் ஆட்சிப் பொறியை மீளத் தொடக்கும் ஆற்றல் வாய்ந்தது. அந்நிரலில் ஒரு சொல் மாற்றப்படுகின்றது. பூமியிலுள்ளோர் யாவரும் குடிமக்கள் ஆகின்றனர். மக்ஸ் உயிர்துறக்கின்றான். காவல் இயந்திரங்கள் புதிய குடிமக்களைக் கைதுசெய்ய மறுக்கின்றன. இதனைவிட இலகுவான புரட்சியை எவரும் கற்பனை செய்திருக்க முடியாது. குடியுரிமை பெறுமதியற்றது என்பது ஈண்டு வாதமன்று. அது மறுக்கப்பட்டோரே அதன் பெறுமதியை நன்கறிவர். ஆனால் பதிவேட்டில் ஒரு சொல் மாறியதும் உடைமை உறவுகள் தாமாகவே மாறிவிடும் என்று கூறுவது மாயை. சட்டத்தின் முன் சமமான குடிமக்களாகவே இருந்துகொண்டு, மருந்தின்றி இறப்போர் எத்தனையோ நாடுகளில் உள்ளனர்.

படம் வெளியானபோது அமெரிக்க வலதுசாரி விமர்சகர் சிலர் அதனைச் சமவுடைமைப் பிரசாரம் என்று தாக்கினர். வேறு சிலர் அதே காரணத்துக்காகவே அதனைப் போற்றினர். இரு சாராரும் படத்தின் கருவை மட்டுமே கண்டு, அதன் கட்டமைப்பைக் காணத் தவறினர். செல்வரின் புல்வெளியையும் வறியோரின் குப்பைமேட்டையும் அடுத்தடுத்துக் காட்டுவதனால் மட்டும் ஒரு படைப்பு முற்போக்கானதாகிவிடாது. கதிர்வீச்சு அறையின் கதவு யாருடைய இலாபத்துக்காகப் பழுதுபார்க்கப்படாமல் விடப்பட்டது என்று வினவும் படைப்பே அப்பெயருக்கு உரியது. நெறியாளரும் 2015 இல், கதையமைப்பு உரியவாறு அமையவில்லை என்று ஒப்புக்கொண்டார். அந்நேர்மை பாராட்டுக்குரியது. எனினும் குறை கதையமைப்பின் நுட்பத்தில் மட்டும் இருப்பதன்று. பிரச்சினையை விளங்கிக்கொண்ட முறையிலேயே அது வேரூன்றியுள்ளது.

சண்டைப்படத்திடம் சமூகவியலை எதிர்பார்ப்பது முறையா என்று சிலர் வினவக்கூடும். இவ்வாதம் சண்டைப்படத்தையே இழிவுபடுத்துகின்றது. ‘எலீசியம்’ வெளியான அதே 2013 ஆகஸ்டில், தென்கொரிய நெறியாளர் பொங் ஜூன்-ஹோவின் ‘ஸ்னோபியர்சர்’ அந்நாட்டில் வெளியாயிற்று. அதற்கான செலவு ஏறத்தாழ 40 மில்லியன் டொலர். அதுவும் அழிவுக்குப் பிந்திய உலகைக் காட்டுவது. அதிலும் குருதி தோயும் சண்டைகள் நிறைய உண்டு. உறைந்த பூமியில் ஓயாது ஓடும் புகையிரதத்தின் கடைசிப் பெட்டிகளில் அடைபட்டோர் கிளர்ந்தெழுந்து, பெட்டி பெட்டியாக முன்னேறுகின்றனர். இயந்திரத்தை அடைந்த கிளர்ச்சித் தலைவன் கேட்டிஸ் இரண்டு உண்மைகளை அறிகின்றான். கிளர்ச்சியும் ஆள்வோரின் கணக்கில் ஏற்கெனவே அடக்கப்பட்டிருந்தது. தேய்ந்துபோன உறுப்பொன்றுக்குப் பதிலாக, சிறு குழந்தையொன்று இயந்திரத்தின் அடியில் உட்கார்ந்து உழைக்கின்றது. ஆட்சிப்பீடம் அவனுக்கே வழங்கப்படுகின்றது. அவன் அதனை ஏற்கவில்லை. குழந்தையை மீட்பதற்குத் தன் கையையே இழக்கின்றான். புகையிரதம் தடம்புரள்கின்றது. அம்முடிவு ஆறுதலானதன்று, விவாதத்துக்கு உரியதுங்கூட. ஆயினும் இயந்திரம் எதனால் இயங்குகின்றது என்ற வினாவிலிருந்து அப்படம் ஒருபோதும் கண்ணை விலக்கவில்லை. சண்டை அங்கே சிந்தனையைச் சுமந்து செல்கின்றது.

இவ்வகைப் படங்களின் வரலாற்றிலே ‘எலீசியம்’ நிற்கும் இடம் ‘ஸ்னோபியர்சர்’ அருகிலன்று. 1927 இல் வெளியான ஜேர்மானியப் படமான ‘மெற்றோபொலிஸ்’ அருகிலேயே. பிறிற்ஸ் லாங் நெறிப்படுத்திய அப்படத்திலும் செல்வர் மேலேயும் தொழிலாளர் நிலத்தின் அடியிலும் வாழ்கின்றனர். அதன் இறுதியில் முதலாளியின் மகன் நடுவனாக நின்று, தந்தையின் கையையும் தொழிலாளர் மேற்பார்வையாளனின் கையையும் இணைத்துவைக்கின்றான். இதயம் இடைநின்றால் மூளையும் கையும் ஒன்றுபடும் என்பது அதன் போதனை. அவ்விணக்கத்தால் வலுப்பெறுபவர் முதலாளியே என்று சீக்பிரீட் கிராகவர் 1947 இல் வெளியான தமது நூலிலே சுட்டிக்காட்டினார். லாங் தாமும் பிற்காலத்தில் அம்முடிவை ஏற்கவில்லை. 1927 இல் இதயம் செய்த வேலையை 2013 இல் கணினி நிரல் செய்கின்றது. இடையே 86 ஆண்டுகள் கழிந்தன. இரண்டு படங்களிலும் தொழிற்சாலையின் உரிமை கைமாறவில்லை.

இத்தனை ஆராய்ச்சிக்கு ஒரு தோல்விப்படம் தகுதியுடையதா என்று கேட்பின், அது தோல்விப்படமும் அன்று. உலகெங்கும் ஏறத்தாழ 286 மில்லியன் டொலர் வசூலித்தது. மருத்துவமனை வாயிலிற் காத்துநிற்கும் துயரையும், எல்லையிலே திருப்பியனுப்பப்படும் அவமானத்தையும் அறிந்த பலரும் அதனைப் பார்த்திருப்பர். தம்முடைய வாழ்வே திரையில் தெரிவதாக அவர்கள் முதலில் எண்ணியிருப்பர். அத்தகையோருக்கு அப்படம் இறுதியிற் கூறுவது யாதெனில், பொறுத்திருங்கள், ஒருவன் வருவான், ஒரு சொல்லை மாற்றுவான், மருந்து வானத்திலிருந்து இறங்கும் என்பதே. மோசமான படம் சலிப்பூட்டுவதோடு நின்றுவிடும். நல்ல வினாவை எழுப்பிப் பொய்யான விடையைத் தரும் படமோ, வினாவையே பார்வையாளரின் கையிலிருந்து பறித்துக்கொள்கின்றது.

அவ்வினாவை மீட்டெடுப்பது விமர்சனத்தின் கடமை. எலீசியத்தின் பேழைகள் பூமிக்கு வந்து, மக்ஸின் உடல் அடக்கம் செய்யப்பட்ட மறுநாட் காலையில், ஆமடைன் தொழிற்சாலையின் ஊதுகுழல் வழமைபோல் ஒலிக்கும். குடியுரிமை பெற்ற தொழிலாளர் அதே வாயிலினூடாக உள்ளே செல்வர். கார்லைல் இறந்துவிட்டான், அவனுடைய பங்குகள் இறந்துவிடவில்லை. அக்கதிர்வீச்சு அறையின் கதவை யார் பழுதுபார்ப்பது, அதற்குள் யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கும் உரிமை எவரிடம் இருக்கும்? படம் அவ்விடத்திலே தொடங்கியிருக்க வேண்டும்.